ஓர் ஊரார் கட்டிய குழந்தைப் பள்ளி

பொதுப்பணம் கைக்கு வருங்கால் அதனை எக்காரியத்திற்குச் செலவிடுவது என்பது ஒவ்வொரு சங்கத்தின் மகாசபையிலும் எழும் கேள்வியாகும். இக்கேள்விக்கு இத்தாலி தேசத்துச் சிற்றூர் ஒன்று அளித்த விடையை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

1945-ஆம் வருஷம் ஏப்ரல் மாத இறுதியில் வட இத்தாலி விடுதலை பெற்றது. ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா என்னும் ஊரில், பின்வாங்கிய ஜெர்மானியச் சேனை ஒரு டாங்கியையும், சில லாரிகளையும், குதிரைகளையும் விட்டுச் சென்றிருந்தது. ஊரார் அவற்றை விற்றனர். யுத்தத்தினால் யாவரும் வறுமையுற்றிருந்த அக்காலத்தில், அத்தொகையைக் கொண்டு தங்கள் சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டத் துணிந்தனர். ஒரு குடியானவர் நிலம் அளித்தார். குண்டு வீச்சில் இடிந்த வீடுகளின் செங்கற்களும் உத்திரங்களும் பொறுக்கிச் சேர்க்கப்பட்டன. மணல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. உழைப்பு ஊராருடையது.

இச்செய்தியைக் கேள்வியுற்று லோரிஸ் மலகுத்சி (1920–1994) என்னும் இளம் உபாத்தியாயர் சைக்கிளில் அவ்வூருக்குச் சென்று நேரிற் கண்டார். அன்று முதல் இம்முயற்சியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1963-இல் ரெஜ்ஜோ எமிலியா நகரசபை தனது முதற் குழந்தைப் பள்ளியைத் திறந்தது.

இப்பள்ளிகளின் முறை யாதெனில், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையைப் பாடம் ஊற்றி நிரப்பவேண்டிய வெறும் பாத்திரமாகக் கருதாமல், தானே ஆராய்ந்து அறியும் ஆற்றலுடைய உயிராக மதிப்பதாகும். லா வில்லெத்தா என்னும் பள்ளியில், பறவைகளுக்காக ஒரு சிறு குளம் இருந்தது. அப்பறவைகளுக்கு விளையாட்டு மைதானம் ஒன்றும் வேண்டுமென்று குழந்தைகள் கூறினர். ஆசிரியைகள் அதனைக் கேட்டு நகைத்து ஒதுக்கவில்லை. குழந்தைகளை அழைத்துச் சென்று நகரத்து நீரூற்றுக்களைக் காட்டினர். நீர் மேலெழுவது எவ்வாறு என்று குழந்தைகள் தத்தம் கருத்தைச் சித்திரமாக வரைந்தனர், களிமண்ணில் உருச் செய்தனர், நீர்ச்சக்கரங்கள் அமைத்தனர். பிழையான கருத்துக்களை அவர்களே செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள அவகாசம் அளிக்கப்பட்டது.

இங்குப் பெற்றோர்க்கு ஒரு நியாயமான ஐயம் எழும். சிலேட்டில் எழுதிய எழுத்தை வீட்டிற் காட்டலாம்; களிமண்ணில் கழித்த காலை வேளைக்கு எதனைக் காட்டுவது? இதற்கென்றே அப்பள்ளிகளில் குழந்தைகளின் சொற்கள் குறித்து வைக்கப்படுகின்றன. சித்திரங்களும் புகைப்படங்களும் அக்குறிப்புக்களுடன் சுவர்களில் ஒட்டப்படுகின்றன. தம் மகன் சென்ற மாதம் நினைத்தது யாது, இம்மாதம் அறிந்தது யாது என்பதைத் தந்தை நேரிற் காண்கிறார். நிர்வாகத்திலும் பெற்றோர்க்குப் பங்குண்டு. கணக்கைத் திறந்து காட்டாத சங்கத்தில் அங்கத்தினர்க்கு நம்பிக்கை நிலைப்பதில்லை, பள்ளியும் அத்தன்மையதே.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. களிமண், கம்பி, இலை, கூழாங்கல், தொழிற்சாலைகள் கழித்த பொருள்கள் ஆகியவையே அக்குழந்தைகளின் சாதனங்களுட் பெரும்பாலானவை. உண்மையான செலவு ஆட்களிடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிற்கும் இரண்டு ஆசிரியைகள் நியமிக்கப்படுகின்றனர். ஒருவர் குழந்தைகளுடன் இருக்க, மற்றவர் கவனித்துக் குறிப்பெழுத இயலும்.

ஆகவே, சிறுவர் பள்ளிக்குப் பொருள் ஒதுக்கக் கருதும் சங்கத்தார், கட்டடத்தின் அளவைத் தீர்மானிக்கும் முன் மூன்று விஷயங்களை விசாரிப்பது நலம்: குழந்தையின் கேள்விக்குச் செவிசாய்க்க ஆசிரியைக்கு நேரம் இருக்குமா? கையால் செய்து பார்க்க இடமும் பொருளும் உண்டா? அங்கு நிகழ்வதைப் பெற்றோர் காண வழி உண்டா? இம்மூன்றும் அமைந்தால் பழைய செங்கல்லே போதுமானது. இவை அமையாவிடில் புதுக் கட்டடத்தினாலும் குழந்தைக்கு நன்மை விளையாது.