சாவி வந்தாச்சு, இனிமே மாசாமாசம் கட்டுறது எப்படி?

தங்கச்சி, வாடகை வீட்டுல இருந்து வாரிய வீட்டுக்குப் போயிட்டே, ரொம்ப சந்தோஷம். ஆனா சாவி கையில வந்ததும் வீடு முழுசா நம்மதாயிடுச்சுன்னு நினைச்சுடாதே. இப்ப உன்கிட்ட இருக்கிறது ஒதுக்கீட்டு ஆணை. சார்பதிவாளர் ஆபீஸ்ல விற்பனைப் பத்திரம் உன் பேர்ல பதிவாகுற வரைக்கும் வீடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடதுதான். (2021 வரைக்கும் குடிசை மாற்று வாரியம்னு சொன்னோமே, அதேதான்.) மரக்காணத்துல பிறந்தவளுக்கு இது புரியும். குத்தகைக்கு எடுத்த உப்பளத்துல விளைஞ்ச உப்பு நம்மது, மண்ணு சர்க்காரோடது.

நீ கட்டுற பணம் ரெண்டு வகை. முதல் வகை, வீட்டுக்கான விலை. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்து வீட்டுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் தருது, மாநில அரசு ஒரு பங்கு போடுது, மிச்சம் பயனாளி பங்குத் தொகை. அதுக்கு பேங்க் கடன் வாங்கியிருந்தா மாசத் தவணை. ரெண்டாவது வகை, பராமரிப்புக் கட்டணம். மோட்டார், மாடிப்படி லைட், தண்ணித் தொட்டி, கழிவுநீர் அடைப்பு, குப்பை எல்லாம் இதுல வரும். பெரும்பாக்கம் மாதிரி எட்டு மாடின்னா லிப்ட் செலவும் சேரும். விலை ஒருநாள் கட்டி முடிஞ்சிடும். பராமரிப்பு முடியவே முடியாது, பத்திரம் வந்த பிறகும் கட்டணும். நிறைய பேர் தவணையை மட்டும் கணக்குல வச்சுக்கிட்டு இதை விட்டுடுறாங்க. பாக்கி சேர்ந்து நிக்கும்போதுதான் தெரியுது.

ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக் கட்டாதே. தனித்தனியா கட்டு, தனித்தனி ரசீது வாங்கு. ரசீதுல உன் பேரு, பிளாக், வீட்டு எண், எந்த மாசத்துக்கு, எதுக்காகன்னு அஞ்சும் இருக்கணும். வசூலுக்கு வர்றவங்க எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் ரசீது இல்லாம கையில பணம் கொடுக்காதே. மெஷின்ல வர்ற வழவழ சீட்டு சீக்கிரம் வெளுத்துடும், அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போடு. வருசத்துக்கு ஒருதரம் வாரியத்தோட கோட்ட அலுவலகத்துக்குப் போயி, இதுவரைக்கும் கட்டினது எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல கேளு. வாயால சொல்ற கணக்கு நாளைக்கு நிக்காது. எழுதித் தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடு, 30 நாளுக்குள்ள பதில் தரணும். பத்திரம் கேட்டுப் போற அன்னைக்கு உன்னைக் காப்பாத்துறது இந்த ஃபைல்தான்.

மழை மாசத்தை மறக்காதே. ஐப்பசி பிறந்தா இங்க பாத்தியெல்லாம் தண்ணி, கார்த்திகை முடியுற வரைக்கும் கூலி கிடையாது. உப்பளத் தொழிலாளிங்களுக்கு அரசு தர்ற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசிக்கும் மளிகைக்குமே சரியாப் போகும். அதனால அம்மா பங்குனி, சித்திரையில உப்பு வாருற காலத்துலயே மழைக்குன்னு தனியா எடுத்து வச்சாங்க. உன் வீட்டுக்காரருக்கும் பெயின்ட் வேலை, அடைமழையில ஓடாது. வேலை நல்லா ஓடுற மாசங்கள்ல மூணு மாசப் பராமரிப்பையும் தவணையையும் சேர்த்து போஸ்ட் ஆபீஸ் கணக்குல போட்டுடு. வீட்டுல வச்சா செலவாயிடும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நீயே போ, அவரை மட்டும் அனுப்பாதே. 2021ல வந்த ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்துல, சங்கம் வசூல் பண்ற பராமரிப்புப் பணத்துக்கு ஈடா அரசும் பங்கு போடுது. நாம கட்டலைன்னா அந்தப் பங்கும் குறையும். அதேமாதிரி, கட்டினவளுக்குக் கணக்கு கேக்குற உரிமை உண்டு. வரவு செலவு எங்க, மோட்டார் ரிப்பேர் பில் எங்கன்னு கேளு, வெக்கப்படாதே. இங்கிலாந்துல வீட்டுல கால் பங்கு மட்டும் வாங்கிட்டு மிச்சத்துக்கு வாடகை கட்டுற முறை இருக்கு. அங்கயும் பங்கு கால்தான்னாலும் சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் முழுசா கட்டணும். ஆனா செலவுக் கணக்கையும் ரசீதையும் காட்டச் சொல்லி சட்டப்படி கேக்கலாம். செலவு பண்ணி 18 மாசத்துக்குள்ள பில்லோ முறையான நோட்டீஸோ வரலைன்னா அந்தப் பணத்தை வசூல் பண்ண முடியாது. நம்ம ஊர்ல அந்த 18 மாசக் கெடு இல்லை, அதனால கூட்டத்துலயே, மாசாமாசமே கேட்டுடணும்.

பக்கத்து வீட்டுக்காரங்க அவசரத்துக்கு விக்கிறாங்கன்னு சொல்லி யாராவது பாண்டு பேப்பரோட வந்தா, நம்ம சொந்தக்காரங்க யாரையும் வாங்க விடாதே. பத்திரம் ஆகாத ஒதுக்கீட்டு வீட்டை விக்கிற உரிமை அவங்களுக்கே கிடையாது. கட்டின பணம் போகும், வீடும் வராது. நீயும் உன் வீட்டை உள்வாடகைக்கு விடாதே, ஒதுக்கீடே ரத்தாகலாம்.

கடைசியா, பேரு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல வீடு குடும்பத் தலைவி பேர்லயோ ரெண்டு பேர் பேர்லயுமோ இருக்கணும்னு விதி. ஆணையில உன் பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு எழுத்து எழுத்தா பாரு. இனிஷியல் மாறியிருந்தாக்கூட இப்பவே திருத்த மனு கொடுத்து, மனுவோட நகல்ல ஆபீஸ் சீல் வாங்கிக்க. பத்திரம் எழுதுற நேரத்துல ஓடினா அலைச்சல்தான்.