அச்சமும் அளவும்

மனித உள்ளத்திற்கு இயற்கை அமைத்த காவற்காரன் அச்சம். காட்டு வழியில் செல்பவன் சருகின் ஓசை கேட்டு நிற்பதும், ஆற்றில் இறங்குபவன் ஆழம் அறிந்து காலை வைப்பதும் அக்காவற்காரன் செய்யும் தொண்டே ஆகும். அச்சம் என்பதே இல்லாதவன் நெடுநாள் வாழ்தல் அரிது. ஆயினும், அக்காவற்காரனிடம் ஒரு குறை உண்டு. பேரோசை கேட்டால் அவன் ஊரையே எழுப்பிவிடுகின்றான். ஓசையின்றி வரும் கள்வனைக் காணாது உறங்கிவிடுகின்றான். பயங்கரவாதத்தைக் குறித்துப் பொதுமக்கள் கொள்ளும் அச்சத்தை ஆராய்ந்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

2001 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11 ஆம் நாள் காலையில், அமெரிக்க நாட்டில் நான்கு பயணி விமானங்களைப் பயங்கரவாதிகள் கைப்பற்றினர். அவற்றுள் இரண்டை, நியூயார்க் நகரில் வானளாவி நின்ற உலக வணிக மையத்தின் இரு கோபுரங்கள்மீது மோதச் செய்தனர். மூன்றாவது விமானம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமாகிய பென்டகனைத் தாக்கியது. நான்காவது, பயணிகள் எதிர்த்துப் போராடியமையால், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வெளியில் வீழ்ந்து நொறுங்கியது. அத்தாக்குதலில் உயிரிழந்தோர் 2,977 பேர். கோபுரங்கள் சரிந்து விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியின் வாயிலாக உலகமே கண்டு நடுங்கியது.

அதன்பின் பல திங்கள்வரை அமெரிக்கருள் பலர் விமானத்தில் ஏற அஞ்சினர். வெளியூர் செல்ல வேண்டியவர்கள் தம் மோட்டார் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் புறப்பட்டனர். "கையில் சுக்கானைப் பிடித்திருக்கின்றோம், காலடியில் தரை இருக்கின்றது, இனி என்ன இடர்?" என்று அவர்கள் உள்ளம் ஆறுதல் அடைந்திருக்கும். ஆனால், உண்மை வேறாக இருந்தது. அந்த 2001 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் மாண்டோர் 42,000 பேருக்கும் மேற்பட்டவர். சராசரியாகக் கணக்கிட்டால் திங்கள்தோறும் 3,500 பேர். கோபுரங்கள் விழுந்த காலையில் மாண்டவர்களைவிட மிகுதியானவர்களைச் சாலைகள் ஒவ்வொரு திங்களும் ஓசையின்றி விழுங்கிக்கொண்டிருந்தன.

கெர்டு கிகெரென்சர் என்னும் ஜெர்மானிய உளவியல் அறிஞர் அந்நாட்டுச் சாலை விபத்துக் கணக்குகளை நுணுகி ஆராய்ந்தார். தாக்குதலை அடுத்த 12 திங்களில், விமானத்தைத் தவிர்த்துச் சாலைவழிச் சென்றமையால், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்தனர் என்று அவர் 2006 ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் மாண்ட பயணிகளும் பணியாளரும் 246 பேர். அத்தகைய சாவுக்கு அஞ்சி ஒதுங்கியவருள் அதனினும் ஆறு மடங்கினர் சாலையில் உயிர் நீத்தனர். தாக்குதலில் இறந்தோரின் பெயர்கள் நியூயார்க் நினைவிடத்தில் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சாலையில் இறந்த அந்த 1,500 பேருக்கோ நினைவுச்சின்னம் இல்லை. அவர்கள் யார் யார் என்று பிரித்தறியவும் இயலாது. அவர்கள் வீட்டார்கூட அதனை ஒரு விபத்து என்றே எண்ணி அழுதிருப்பர்.

மக்கள் இவ்வாறு பிழைபட எண்ணுவதற்குக் காரணம் யாது? நம் உள்ளம் எண்களைக் கொண்டு அளப்பதில்லை. நினைவுக்கு எளிதில் வரும் காட்சியைக் கொண்டே அளக்கின்றது. ஒரே இடத்தில், ஒரே வேளையில், பலர் மாளும் நிகழ்ச்சி நெஞ்சில் ஆழப் பதிகின்றது. ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் எனப் பிரிந்து மாள்வது பதிவதில்லை. மேலும், தானே செலுத்தும் வண்டியில் வரும் இடர் சிறிதாகத் தோன்றுகின்றது. பிறன் வஞ்சத்தால் வரும் இடர் மலைபோல் தோன்றுகின்றது.

உள்ளத்தின் இவ்வியல்பை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர் டேனியல் கானமன் என்னும் அறிஞர். இஸ்ரேல் நாட்டில் 2001 டிசம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை பேருந்துகளில் 23 குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. 236 பேர் மாண்டனர். அந்நாளில் அங்கு நாள்தோறும் பேருந்தில் சென்றவர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். ஆகவே, ஒருவருக்கு நேரக்கூடிய இடர் மிகச் சிறிது என்பதை அவர் நன்கு அறிவார். எனினும், அங்குச் சென்று கார் ஓட்டியபோது, சிவப்பு விளக்கின் முன் ஒரு பேருந்தின் அருகே நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. விளக்கு மாறியதும் வழக்கத்தைவிட விரைந்து வண்டியைச் செலுத்தினார். இதனை அவரே வெட்கத்துடன் தம் நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். கணக்கறிந்த பேரறிஞர்க்கே இந்நிலை எனின், பிறரை நாம் எள்ளி நகையாடுதல் தகுமோ?

பயங்கரவாதி நாடுவதும் இவ்வச்சத்தையே. அவன் குண்டு கொல்வது சிலரை. அதன் ஓசை கட்டிப்போடுவது பலரை. அச்சம் கொண்ட மக்கள் தம் அயலாரையும் ஐயுறத் தொடங்குகின்றனர். செப்டம்பர்த் தாக்குதல் நிகழ்ந்த நான்காம் நாள், அரிசோனா மாநிலத்தில் தலைப்பாகையும் தாடியும் உடைய சீக்கியர் ஒருவர், அத்தோற்றத்தின் காரணமாகவே சுட்டுக் கொல்லப்பட்டார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் அந்நாட்டில் 2000 ஆம் ஆண்டில் 28 எனப் பதிவாயின. 2001 ஆம் ஆண்டில் அவை 481 ஆக உயர்ந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி எத்துணை உண்மை!

இங்ஙனம் கூறுவதனால், பயங்கரவாதம் சிறிய தீங்கு என்று கொள்ளலாகாது. மகனை இழந்த தாயிடம் கணக்குக் காட்டி ஆறுதல் கூற எவராலும் இயலாது. சாலை விபத்து எவரும் விரும்பிச் செய்வதன்று. பயங்கரவாதமோ திட்டமிட்டுச் செய்யும் கொலை. அதனைத் தடுக்க அரசு விழிப்புடன் காவல் செய்தல் வேண்டும். நாம் கூறுவது ஒன்றே: அச்சத்தின் அளவும் இடரின் அளவும் ஒன்றல்ல.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். 2006 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள் மாலையில், மும்பை நகரின் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாட் காலையில் ரயில்கள் ஓடின, மக்களும் ஏறினர். அவர்கள் அஞ்சவில்லை என்பதன்று. அன்றாடக் கூலியால் வாழ்வோர்க்கு வீட்டில் இருத்தல் இயலாது. அஞ்சிய நெஞ்சுடன் அவர்கள் தம் கடமைக்குச் சென்றனர். ஆனால், அதே இருப்புப் பாதைகளில், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் நெரிசலில் தவறி விழுந்தும் அந்நாளில் ஆண்டுதோறும் 3,000 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டு வந்தனர். அது செய்தியாகவும் பலர் செவிக்கு எட்டவில்லை.

2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,000 பேருக்கும் மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழ 50,000 பேர் தலைக்கவசம் அணியாதவர். தொலைவில் வெடித்த குண்டின் செய்தி கேட்டு இரவெல்லாம் உறங்காதவன், காலையில் தலைக்கவசத்தை வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறுகின்றான். அவனுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. அச்சம் இடம் மாறி நிற்கின்றது.

ஆதலின், அச்சம் எழும்போது அதனை அடக்கவும் வேண்டா. அதன் பின்னே ஓடவும் வேண்டா. "இது எத்தனை பேருக்கு நேர்கின்றது? இதைவிட்டு நான் செல்லும் வழி இதனினும் நன்றோ? என் அச்சத்தால் குற்றமற்ற எவரேனும் துன்புறுவரோ?" என்று சற்றே நின்று வினவுதல் வேண்டும். காவற்காரனை வேலையினின்று நீக்க வேண்டுவதில்லை. அவன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தால் போதும். அறிவே அவ்விளக்கு.