இணைய ஆர்டரில் 'படம் எடு' பொத்தான்: இரண்டு வழிகள்

சில்லறைக் கடைக்காரர்கள் மொத்தக் கடைக்கு இணையப் பக்கம் வழியாகவே ஆர்டர் போடும் காலம் இது. "துவரை 5 மூட்டைதான் போட்டேன், 50 என்று ஏறியிருக்கிறது" என்ற வழக்கு வரும்போது, அந்நேரம் திரையில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு படம் இருந்தால் உதவும். பக்கத்திலேயே 'படம் எடு' என்று ஒரு பொத்தானை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வைத்துவிடலாம். ஆனால் வழி இரண்டு உண்டு. எந்த வழி என்று கேட்காமல் மென்பொருள்காரரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

முதல் வழி, எச்டிஎம்எல்2கேன்வாஸ் என்ற இலவச நிரல். இது படம் பிடிப்பதே இல்லை! கணக்குப்பிள்ளை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுவதுபோல, எழுத்து எங்கே, கட்டம் எங்கே, நிறம் என்ன என்று படித்து மறுபடி வரைகிறது. வரையத் தெரியாத அலங்காரங்களை விட்டுவிடும். வேறு தளத்திலிருந்து வரும் சரக்குப் படங்கள், அத்தளம் இசைந்தால்தான் வரும். பணம் கட்டும் பெட்டி பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் பக்கம். நம் பக்கத்தில் சன்னல்போலப் பதித்திருப்பார்கள். அந்த இடம் காலியாகவே விழும். இன்னொன்றும் உண்டு. சிறு கைபேசியில் ஒரு சைபர் மறைந்து போயிருந்தால், மறுபடி வரையும்போது அது ஒழுங்காக வந்து நிற்கக்கூடும். கோளாறு தெரியாமல் போகும். ஆனாலும் சரக்கு, எண்ணிக்கை, விலை எல்லாம் நம் பக்கத்திலேயே இருப்பதால் சாதாரண ஆர்டருக்கு இது போதும். அனுமதி கேட்டு நிற்காது, கைபேசியிலும் வேலை செய்யும்.

இரண்டாவது, கெட்டிஸ்ப்ளேமீடியா. இது உலாவிக்குள்ளேயே இருக்கும் வசதி. திரையை உள்ளபடி ஒளிக்காட்சியாகத் தரும்; அதில் ஒரு காட்சியை எடுத்துப் படமாக்கிக்கொள்ள வேண்டும். எச்டிடிபிஎஸ் தளத்தில்தான், ஆள் பொத்தானை அழுத்தினால்தான் வேலை செய்யும். எதைக் காட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். முழுத் திரையையும் தேர்ந்தெடுத்துவிட்டால், பக்கத்தில் திறந்திருக்கும் இன்னொரு வியாபாரியின் விலைப்பட்டியலும் வங்கி இருப்பும் சேர்ந்து போய்விடும். கைபேசி உலாவிகளில் பெரும்பாலும் இவ்வசதி கிடையாது. நம் கடைக்காரர்களில் கைபேசியில் ஆர்டர் போடுகிறவர்களே அதிகம் என்பதை மென்பொருள்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்தப் படமானாலும் அத்தாட்சி ஆகாது. உலாவியிலேயே உள்ள கருவியைத் திறந்து 50ஐ 5 ஆக்கிப் படம் எடுக்க அரை நிமிடம் போதும். யுபிஐ பணம் போட்டதாகக் காட்டும் படமும் இதே கதைதான். நம் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே சரக்கு ஏற்ற வேண்டும். ஆர்டர் எண், நேரம், எண்ணிக்கை ஆகியவை சர்வரில் தனியே பதிவாகட்டும். வழக்கைத் தீர்ப்பது அந்தப் பதிவுதான். பக்கத்தில் கிலோ என்றிருந்ததா, மூட்டை என்றிருந்ததா, எங்கே குழம்பினார் என்று புரிந்துகொள்ளப் படம் உதவும்.

முதல் வழியில், குறிப்பிட்ட பகுதியைப் படத்தில் சேர்க்காமல் விட நிரலிலேயே ஓர் அடையாளக் குறி உண்டு. கடைக்காரரின் பழைய பாக்கி தெரியும் கட்டத்துக்கு அந்தக் குறியைப் போடச் சொல்லுங்கள்.