கடைச் சரக்கும் கள்ளச் சரக்கும்

கடையில் விற்பது தீங்கற்றது, தடுக்கப்பட்டதே கொடியது என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மதுவினால் உலகெங்கும் 26 லட்சம் பேர் மாண்டனர். பிற போதை மருந்துகளால் மாண்டோர் 6 லட்சம். மது அருந்துவோர் தொகை மிகுதி என்பதும் இதற்கு ஒரு காரணமே. புகையிலையோ ஆண்டுதோறும் 70 லட்சத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்கின்றது. பீடியைப் போதைப்பொருள் என்பாரோ நம்மில் அரியர்!

ஆயினும், கள்ளச்சாராயத்திற்குத் தனியானதோர் அபாயம் உண்டு. அதிற் கலந்திருப்பது யாதென விற்பவனும் அறியான். மெத்தனால் கலந்திருப்பின், அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும்; உயிரையும் போக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இவ்வாறே இறந்தனர். பார்வை மங்குதல் பல மணி நேரம் கழித்தே தோன்றக்கூடும். குடித்தவர் வழக்குக்கு அஞ்சி வீட்டில் படுத்திருப்பாராயின், பஞ்சாயத்து உறுப்பினர் தாமதியாது 108 வண்டியை அழைத்திடுக.