விவாத மேடை ஏறும் முன்

விவாதப் போட்டியில் உதவித்தொகைப் பரிசு என்றதும் பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பெற்றோர் அவசரப்பட்டுப் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட வேண்டாம். கையில் வரும் பணமா, குறிப்பிட்ட கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் கிடைக்கும் கட்டணச் சலுகையா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டுக்கும் வெகுதூரம்.

பயிற்சிக்கு உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறை நல்ல அளவுகோல். 2019-இல் பாங்காக்கில் இந்திய மாணவர் அணி அந்தப் போட்டியின் பட்டத்தை வென்றது. ஒவ்வொரு அணியிலும் மூவர் பேசுவர். ஆளுக்கு 8 நிமிடம், முடிவுரைக்கு 4 நிமிடம். எட்டு நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். வீட்டில் தம்பியோ பாட்டியோ அந்த எதிரணியாகட்டும்! செல்பேசியில் நேரம் வைத்துப் பேசினால், பலருக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும். உள்ளூர் உதாரணம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய இடம் அதுதான்.

உடனடித் தலைப்புக்குத் தயாராக ஒரு மணி நேரமே கிடைக்கும். அதனால் தினமும் இரண்டு நாளிதழ்களின் தலையங்கம் கட்டாயம். படிக்க அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், கப்பன் பூங்காவில் மாநில மத்திய நூலகமும் இருக்கின்றன. படித்ததை ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு என்று பிரித்து எழுதி வரலாம்.