பிறர் மெட்டில் பேசியவர்

அன்புள்ள கதிருக்கு,

கட்டுரை வந்து சேர்ந்தது. ஜமைக்கப் பாடகர் யெல்லோமேனை முதல் பக்கத்தில் ‘சேற்றில் மலர்ந்த செந்தாமரை’ என்கிறாய். மூன்றாம் பக்கத்தில், ‘மெட்டுகூட அவருடையதில்லை, பிறர் இசைமேல் பேசியே பெயர் வாங்கிவிட்டார்’ என்று குறைப்படுகிறாய். தாமரையை அடித்துவிட்டேன், அது தேய்ந்துபோன சொல். எனக்கு எரிச்சல் மூட்டியது மற்றதுதான். அந்தப் பையன் ஏறிவந்த ஏணியையே நீ குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறாய்.

அவரது இயற்பெயர் வின்ஸ்டன் ஃபாஸ்டர். 1956இல் பிறந்து, பெற்றோரால் கைவிடப்பட்டு, கிங்ஸ்டனின் அனாதை இல்லங்களில் வளர்ந்தவர். தோலில் நிறமியே இல்லாத பிறவி. கறுப்பர்கள் நிறைந்த தீவில் போகிற இடமெல்லாம் கேலி. இதையெல்லாம் நீயே நன்றாக எழுதியிருக்கிறாய். பிறகு ஏன் கேட்கத் தவறினாய்? இப்படிப்பட்டவருக்கு வாத்தியக்குழு வைக்கப் பணம் எங்கிருந்து வரும்?

வர வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் இசைத்தட்டுக்கு மறுபக்கம் என்று ஒன்று இருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம், அதாவது நடனக் கூட்டங்களுக்குத் தட்டு ஓட்டும் ஒலிபெருக்கிக் குழு, நடத்திய ரூடி ரெட்வுட், டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் பாராகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டுக்குத் தனக்கென ஒரு தட்டு வெட்டச் சொன்னார். வெட்டியவர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார் என்று சொல்வார்கள். ரெட்வுட் அதை வீசி எறியவில்லை. நடனக் கூட்டத்தில் முதலில் குரலுள்ள தட்டை ஓட்டினார், அடுத்து குரலில்லாததை. விட்டுப்போன வரிகளைக் கூட்டமே பாடியது. கொஞ்ச காலத்தில் தட்டுகளின் பின்பக்கத்தில் வெறும் இசை வருவது வழக்கமாயிற்று, ‘வெர்ஷன்’ என்றார்கள். 1970இல் யூ-ராய், ட்ரெஷர் ஐலின் பழைய இசைமேல் பேசிப் பதிந்த மூன்று தட்டுகள் ஜமைக்காவின் விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. அதற்குமுன் அவர் கிங் டபியின் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்தவர். கணக்கைப் பார். வாசித்தவர்களுக்குக் கூலி எப்போதோ கொடுத்தாகிவிட்டது. இனி வேண்டியது ஒரு மைக்கும் நாக்கும். ஏழைப் பிள்ளைகளுக்கு அத்தீவில் இதைவிட அகலமான கதவை எந்தப் பள்ளிக்கூடமும் திறக்கவில்லை என்பேன். அடிமெட்டை வாசித்தவர்களுக்குப் பின்னாளில் பங்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதும் உண்மை. அந்தப் பழியைத் தட்டு விற்றவர்கள்மேல் போடு, பேசியவர்மேல் போடாதே.

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வின்ஸ்டன் படித்த ஆல்ஃபா ஆண்கள் பள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்தியது. டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் என்று ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் தூண்கள் பலரும் அங்கே ஊதுவாத்தியம் கற்ற பிள்ளைகளே. சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் அங்கே பையன்களுக்கு ஜாஸும் கியூப இசையும் தட்டில் போட்டுக் காட்டுவார். பள்ளிக்கென்றே ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். அந்த அம்மையாரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எனக்கு மற்ற வேலை ஓடாது. உன் கட்டுரையில் அவர் பெயரே இல்லை! ஆளில்லாக் காட்டில் தானாய் முளைத்த மேதை என்று எழுதுவது உங்கள் தலைமுறைக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறதோ.

வின்ஸ்டனுக்கு எழுபதுகளின் இறுதியில் டேஸ்டி திறமைப் போட்டி, பிறகு ஏசஸ் சவுண்ட் சிஸ்டம், பிறகு தயாரிப்பாளர் ஜுன்ஜோ லாஸ், 1982இல் ‘மிஸ்டர் யெல்லோமேன்’ ஆல்பம். இந்த வரிசையைச் சரியாகவே கொடுத்திருக்கிறாய். கேலிக்கு ஆளான நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டு, மஞ்சள் உடையில் மேடையேறி, பெண்களெல்லாம் என் பின்னால் என்று அளந்துவிட்டாரே, அந்தத் திமிரை நீ ‘ஆபாசம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாய். ஆபாசம் உண்டுதான், சில பாட்டுகளை நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் கரோலின் கூப்பர் 1993இல் வெளியிட்ட ‘நாய்சஸ் இன் தி பிளட்’ நூலைப் படித்துவிட்டு அந்தப் பத்தியைத் திருப்பி எழுது. யெல்லோமேன் பாடிய டான்ஸ்ஹால் இசையின் கொச்சைப் பேச்சை, கனவான்களின் ஒழுக்கத்துக்கு எதிர்ப்பேச்சாக அவர் வாசிக்கிறார். முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். சண்டை போடவாவது படி.

1986இல் தாடையில் புற்றுநோய்க்கட்டிக்கு அறுவை. முகத்தின் ஒருபக்கமே மாறிப்போயிற்று. மீண்டும் மேடைக்கு வந்தார். இதை நீ நான்கு பத்திக்கு இழுத்திருக்கிறாய், ஒன்று போதும்.

மிச்ச இடத்தில் இதைச் செய். ஆல்டன் எல்லிஸின் ‘மேட் மேட்’, அதன் அடிமெட்டில் மிச்சிகன் - ஸ்மைலி இருவரின் ‘டிசீசஸ்’, அதே அடிமெட்டில் யெல்லோமேனின் ‘ஸுங்குஸுங்குகுஸுங்குஸெங்’, கடைசியாக நியூயார்க்கின் பிளாக் ஸ்டார் 1998இல் பதிந்த ‘டெஃபினிஷன்’. நான்கையும் இதே வரிசையில் கேள். கைப்பேசியில் வேண்டாம், பாஸ் காதில் விழாது. உன் மாமா வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதே. யார் யாரிடம் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று குறித்து அடுத்த கடிதத்தில் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்