குறும்படத்தை எப்போது யூடியூபில் போடுவது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் பணம் போட்டு 18 நிமிடக் குறும்படம் ஒன்றை முடித்திருக்கிறோம். விநியோகஸ்தர் என்று யாரும் கிடையாது, நாங்களே வெளியிடப்போகிறோம். உடனே யூடியூபில் போட்டுவிடலாம் என்கிறார்கள் பாதிப் பேர். "ஒரு வருஷம் பொறு, யூடியூபில் வந்த படத்தை எந்த விழாவும் சீந்தாது" என்கிறார் எடிட்டர். ஜனங்கள் பார்க்கத்தானே எடுத்தோம்? எடுத்ததைப் பூட்டிவைப்பானேன்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐந்து பேர் சேர்ந்து படத்தை முடித்ததைக் காட்டிலும், முடித்த பிறகும் ஐவரும் பேச்சுவார்த்தையில் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். வாழ்த்துகள். உங்கள் எடிட்டர் பொறுக்கச் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் பாதி சரி, பாதி வதந்தி.

முதலில் வதந்தியைப் பார்ப்போம். இதில் விழாவுக்கு விழா விதி வேறு. அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா, இணையத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட குறும்படத்தையும் போட்டிக்கு வாங்கிக்கொள்கிறது. பிரான்சின் கான் விழா வாங்காது. ஒரு படம் இதுவரை எங்கெங்கே, எவர் முன்னால் காட்டப்பட்டது என்ற இந்தக் கணக்குக்குப் பிரீமியர் நிலை என்று பெயர். ஆஸ்கரின் குறும்படப் பிரிவு இதில் ரொம்பக் கறார். படம் 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற விழாவில் விருது வாங்கியோ, குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் தியேட்டரில் ஓடியோ தகுதி பெறும் முன்பு, முழுப் படமும் இணையத்திலோ டிவியிலோ வந்திருக்கக் கூடாது. ஆஸ்கர் நமக்கு எதற்கு என்று சிரிக்காதீர்கள். பக்கத்துப் பெங்களூருவின் சர்வதேச குறும்பட விழாவே அப்படி அங்கீகாரம் பெற்ற விழாதான்.

இன்னொரு நம்பிக்கை உங்கள் நண்பர்களுடையது: போட்டுவைத்தால் யாராவது தயாரிப்பாளர் பார்த்துக் கூப்பிடுவார். இது ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படம். யூடியூபில் பரவி, 2012-இல் முழுநீளப் படமானது. அல்போன்ஸ் புத்திரனின் 'நேரம்' குறும்படமும் 2013-இல் அப்படியே பெரிய திரைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் யூடியூபில் தமிழ்க் குறும்படங்கள் சொற்பம். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி அவற்றைப் பார்க்க ஒரு கூட்டத்தையே பழக்கி வைத்திருந்தது. இன்று அதே வேலையைப் புதுச் சேனல் ஒன்றில் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டும்.

காசு வரும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விளம்பரப் பணத்தில் யூடியூப் பங்கு தர, சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். 12 மாதங்களில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் படத்தை ஒவ்வொருவரும் பெயர்ப் பட்டியல் வரை பார்த்தாலும், 13,000 சொச்சம் பேர் பார்த்தால்தான் அந்த நேரம் சேரும். ஆறாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள் என்றால் 40,000 பேர். அதைத் தாண்டிய பிறகுதான் முதல் ரூபாய்.

இனி உண்மையான காரணம். குறும்படத்துக்கு ஐந்து வாசல்கள் உண்டு: விழா, அரங்கத் திரையிடல், டிவி அல்லது ஓடிடி, காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் பெரிய குறும்படச் சேனல், கடைசியாக உங்கள் சொந்தச் சேனல். முதல் நான்கும் பெரும்பாலும் புதுப் படம் கேட்பவை, அல்லது தங்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பவை. ஐந்தாவது எதையும் கேட்பதில்லை. பத்து விழா சுற்றிய படத்தையும் சும்மா ஏற்றுக்கொள்ளும். ஆகவே விழாவிலிருந்து யூடியூபுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், யூடியூபிலிருந்து அந்தப் பக்கம் போவதுதான் கஷ்டம். இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதற்கு எந்தச் சேனல் பணம் தரும்? நேற்றுவரை பொதுவில் இருந்த வீடியோவை இன்று 'பிரைவேட்' ஆக்கினாலும், வெளியானது வெளியானதுதான்.

இதைப் பூட்டிவைப்பதாக நினைக்காதீர்கள். விழாக் குழுவுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் கடவுச்சொல் போட்ட விமியோ வீடியோ தளச் சுட்டியையோ, யூடியூபின் 'அன்லிஸ்டட்' சுட்டியையோ அனுப்பலாம். அன்லிஸ்டட் என்றால் தேடினால் சிக்காது, சுட்டி வைத்திருப்பவர் மட்டும் பார்க்கலாம். அந்தச் சுட்டியை அத்தையின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

விழா என்றால் எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டி அனுப்பாதீர்கள். மாதாமாதம் விருது அறிவித்து, இலை வளையத்துக்குள் விழாப் பெயர் போட்ட முத்திரைப் படம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்புவதோடு வேலை முடிந்தது என்று இருக்கும் 'விழா'க்கள் ஏராளம். போன வருடம் எந்த அரங்கில் திரையிட்டார்கள், எத்தனை நாள், யார் வந்தார்கள் என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் அது விழா இல்லை, கடை. கேரள அரசின் சலச்சித்ர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா மாதிரி, ஜனங்கள் வரிசையில் நின்று படம் பார்க்கும் இடங்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டாம். எடுத்து முடித்து ஓரிரு ஆண்டுக்குள்ளான படத்தையே பல விழாக்கள் கேட்கின்றன.

ஊரில் திரையிடுவதும் நடுவில் நடக்கட்டும். 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை ஒடெஸா என்ற கூட்டமைப்பின் மூலம் மக்களிடமே காசு திரட்டி எடுத்தார். விநியோகஸ்தர் இல்லாமல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஆனால் தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால், படம் 18 நிமிடமானாலும் 1952-ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் சட்டப்படி சென்சார் சான்றிதழ் வேண்டும். குறும்படத்துக்குச் சென்சார் கிடையாது என்று உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது யூடியூபை வைத்துக் கிளம்பிய பேச்சு. விழாக்களுக்கு விலக்கு உண்டு, அதை விழா நடத்துபவர்கள் மத்திய அமைச்சகத்திடம் வாங்கிக்கொள்வார்கள்.

தியேட்டருக்குப் பென்டிரைவில் எம்பி4 கோப்பை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். அங்கே உள்ள சர்வர் படிப்பது டிசிபி. படமும் ஒலியும் தனித்தனிக் கோப்புகளாக ஒரே உறைக்குள் இருக்கும் டிஜிட்டல் தொகுப்பு. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துவிடலாம். நொடிக்கு 25 பிரேமில் எடுத்திருந்தால் 24-க்கு மாற்றுங்கள், அதுதான் எல்லாத் தியேட்டரிலும் தகராறில்லாமல் ஓடும். மாற்றும்போது படம் சற்றே நீளும், ஒலியையும் அதற்கேற்ப இழுக்க வேண்டும். விட்டுவிட்டால் கடைசிக் காட்சியில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ஹெட்போனில் மிக்ஸ் செய்த ஒலியை முதல் காட்சிக்கு முன்பு அரங்கில் ஐந்து நிமிடமாவது ஓட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் படத்தில் டீக்கடைக் காட்சி மாதிரி எங்காவது ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா? ஏழு விநாடிதானே, நன்றி போட்டுவிட்டோமே என்பது செல்லாது. அப்படியொரு விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் கிடையாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி, அதாவது ஏற்றும் வீடியோவின் ஒலியைப் பதிவான பாடல்களோடு தானே ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு, அந்த ஏழு விநாடியையும் கண்டுபிடிக்கும். விளம்பரப் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், படமே முடக்கப்படவும் கூடும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

பெரிய சேனல் ஏதாவது ஒப்பந்தம் நீட்டினால் இரண்டு வரியைத் தேடுங்கள்: எத்தனை வருடம், எந்தெந்த நாடு. இரண்டும் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்றே நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

அதில் கையெழுத்துப் போடுவது யார் என்று ஐந்து பேரும் பேசினீர்களா? அதே சட்டத்தில் படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். இயக்குநர் என்பதற்காக மட்டும் படம் உங்களுடையது ஆகாது. தயாரிப்பாளர் யார், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் சம்மதித்தால் விற்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். முதல் விழா விண்ணப்பத்திலேயே தயாரிப்பாளர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும்.